பொறித்த பெயரும் பொறித்த கையும்: அமெரிக்க இராணுவ அதிகாரிகளின் சித்திர வேலைப்பாட்டுச் சுழல்துப்பாக்கிகளைச் சேகரித்தல் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1. பிரச்சினை

2022ஆம் ஆண்டு மே மாதம் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடைபெற்ற ஏலமொன்றில், ஒரே பெட்டியில் வைத்துப் பேணப்பட்ட இரு சுழல்துப்பாக்கிகள் ஏறத்தாழ 51 இலட்சத்து 70 ஆயிரம் டொலருக்கு விலைபோயின. அவை றெமிங்டன் நிறுவனத்தார் செய்தவை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-1865) வடமாநிலப் படைகளின் தலைமைத் தளபதியாக விளங்கிப் பின்னர் குடியரசுத் தலைவராகவும் இருந்த யுலிசீஸ் கிறான்ற் என்பாருக்கு அவருடைய நண்பர்கள் அன்பளிப்பாக அளித்தவை. உருக்கின் மேற்பரப்பெங்கும் கொடிச்சுருள் செதுக்கு வேலை காணப்படுகின்றது. யானைத்தந்தக் கைப்பிடியிலே கிறான்றின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. இதே வகைத் துப்பாக்கிகளை இதே நிறுவனம் இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தி செய்தது. சுடுகருவி என்ற வகையில் அவற்றுக்கும் இவ்விரண்டுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடெதுவுமில்லை. அவ்வாறாயின் இப்பெருந்தொகை எதற்காகக் கொடுக்கப்பட்டது என்னும் வினா எழுகின்றது.

அலங்கரிக்கப்பட்ட படைக்கலம், பயன்படுத்தப்பட்ட படைக்கலம் என்ற வேறுபாடு தமிழ் இலக்கிய மாணவருக்குப் புதியதன்று. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார் பாடியதாகவுள்ள புறநானூற்றுச் செய்யுளில் (95), பீலியும் மாலையும் அணிந்து நெய் பூசப்பட்டுக் காவலில் இருக்கும் கருவிகளும், நுனி முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கும் அதியமானின் கருவிகளும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. புகழ்வது போலப் பழிக்கும் அச்செய்யுள், அழகு பெற்ற ஆயுதம் போர்க்களம் காணாத ஆயுதம் என்று குறிப்பாற் சொல்கின்றது. நாம் இங்கு ஆராயப் புகும் பொருளோ இந்த இருமையைக் கடந்து நிற்பது. அதனுடைய உரிமையாளர் போர்க்களம் கண்டவர். அதுவோ பெரும்பாலும் பெட்டிக்குள் இருந்தது. அதனாலேயே அது சிதையாது எஞ்சியது. எஞ்சியமையாலேயே சேகரிப்போரின் கையை அடைந்தது.

சேகரிப்பு என்பதை மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு எனக் கூறி ஒதுக்கிவிடுவது எளிது. முற்போக்கு விமர்சனத்திற் சிலர் அவ்வாறே செய்வர். அவ்வாறு ஒதுக்குவது ஆராய்ச்சியாகாது என்பது எமது கருத்து. ஏங்கெல்ஸ் தமது 'டூரிங்குக்கு மறுப்பு' என்னும் நூலிலே, வன்முறையே வரலாற்றின் மூலகாரணம் என்ற வாதத்தை மறுக்குமிடத்து, றொபின்சன் குறூசோவின் அடிமையான பிறைடே ஒருநாட் காலை கையிற் சுழல்துப்பாக்கியுடன் வந்து நின்றால் என்ன நிகழும் என்று வினவுகிறார். வாளை வெல்லும் அக்கருவி வானத்திலிருந்து விழுவதன்று. அதனை உற்பத்தி செய்வதற்கு ஒரு பொருளாதாரம் வேண்டும் என்பது அவர் சுட்டிய உண்மை. இவ்வுண்மையை அழகுபடுத்தப்பட்ட துப்பாக்கிக்கும் நாம் விரிக்கலாம். அதன் மேலுள்ள கொடிச்சுருளும் வானத்திலிருந்து விழுந்ததன்று.

2. கருவியின் தோற்றம்

சாமுவேல் கோல்ற் (1814-1862) கொனற்றிக்கற் மாநிலத்து ஹாட்ஃபோட் நகரிற் பிறந்தவர். குண்டு பொதியும் அறைகளைக் கொண்ட உருளையொன்று சுழன்று, ஒவ்வோர் அறையாகக் குழலுக்கு நேரே வந்து நிற்கும் அமைப்புக்கு அவர் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நியூ ஜேர்சியிலுள்ள பற்றர்சன் நகரில் அவர் தொடங்கிய முதற் தொழிற்சாலை 1842இல் முறிந்தது. கண்டுபிடிப்பு மாத்திரம் ஒரு பண்டத்துக்குச் சந்தையைத் தேடித் தருவதில்லை. அதனை வேண்டி நிற்கும் ஒரு சமூகத் தேவை உருவாக வேண்டும் என்பதற்கு இத்தோல்வி சான்றாகும்.

அத்தேவையை உருவாக்கியது எல்லை விரிவாக்கமாகும். மெக்சிக்கோவிலிருந்து பிரிந்த ரெக்சாஸ் குடியரசின் கடற்படைக்கென வாங்கப்பட்டிருந்த பற்றர்சன் துப்பாக்கிகள் சில, அந்நாட்டின் 'றேஞ்சர்' எனப்படும் குதிரைப்படையினரின் கையை அடைந்தன. 1844 ஜூன் மாதத்தில் கோமாஞ்சிப் பழங்குடி வீரரோடு அவர்கள் பொருதிய போரில் இத்துப்பாக்கிகள் முதன்முறையாகத் தம் ஆற்றலைக் காட்டின. அதுவரை, ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டிப்பதற்குள் கோமாஞ்சி வீரர் பல அம்புகளை எய்துவிடுவர். குதிரை மீதிருந்து தொடர்ந்து சுடக்கூடிய கருவி அந்தச் சமநிலையைக் குலைத்தது. நிலத்தை இழக்கப் போகின்றவர் யார் என்பதைத் தீர்மானித்த காரணிகளில் அதுவும் ஒன்றாயிற்று.

அப்போரிற் கடுங்காயமுற்றவர்களில் ஒருவர் சாமுவேல் வாக்கர். மெக்சிக்கோவுடனான போர் 1846இல் மூண்டபோது அமெரிக்கப் படையிற் கப்டனாகச் சேர்ந்த அவர், கோல்றுடன் கடிதத் தொடர்பு கொண்டு, வலிமை கூடிய புதிய துப்பாக்கியொன்றின் வடிவமைப்பிற் பங்குகொண்டார். அரசாங்கம் 1000 துப்பாக்கிகளைக் கோரியது. சொந்தத் தொழிற்சாலை இல்லாதிருந்த கோல்ற், விற்னி குடும்பத்தாரின் பட்டறையில் அவற்றை 1847இல் செய்வித்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் வாக்கர் மெக்சிக்கோவிலே கொல்லப்பட்டார். அத்துப்பாக்கிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அரசாங்கத்துக்கான ஆயிரத்துக்கு மேல் நூறு மாத்திரமே செய்யப்பட்டமையால், இன்று சேகரிப்போர் மிக உயர்வாக மதிப்பனவற்றுள் 'வாக்கர் கோல்ற்' ஒன்றாகும்.

1851இல் இலண்டனில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலே கோல்ற் தமது துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு அங்குள்ள குடிசார் பொறியியலாளர் நிறுவகத்தில், இயந்திரங்களின் துணையோடு இவற்றை உற்பத்தி செய்யும் முறை பற்றி விரிவுரையாற்றினார். 1855இல் ஹாட்ஃபோட்டில் அவருடைய பெருந்தொழிற்சாலை எழுந்தது. கைவினைஞனின் தனித்திறனில் தங்கியிருந்த துப்பாக்கித் தொழில், இயந்திரமும் வேலைப்பிரிவினையும் ஆளும் நவீன முதலாளித்துவக் கைத்தொழிலாயிற்று.

3. இருவகைச் செதுக்கல்

இத்துப்பாக்கிகளில் இருவகைச் செதுக்கல்கள் உள்ளன. இவை வேறுபட்ட இரு உழைப்பு முறைகளைப் பிரதிபலிப்பன என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

முதலாவது, உருளையின் மீதுள்ள காட்சி. இதனை ஆக்கியவர் நியூயோர்க்கைச் சேர்ந்த வாற்றர்மன் ஓம்ஸ்பி. இவர் வங்கித்தாட்களுக்கு அச்சுத்தகடு செதுக்கியவர். தகட்டில் ஒருமுறை செதுக்கிய ஓவியத்தைக் கடினப்படுத்திய உருக்கு உருளியில் ஏற்றி, அதனைத் துப்பாக்கியின் உருளைமேல் அழுத்தி உருட்டினால், ஆயிரக்கணக்கான பிரதிகளைப் பெறலாம். வங்கித்தாளைக் கள்ளத்தாளிலிருந்து பிரித்தறிய உதவிய நுட்பம், கோல்றின் பண்டத்தைப் போலிகளிலிருந்து காக்கவும் பயன்பட்டது. பணத்துக்கும் படைக்கலத்துக்கும் ஒரே கலைஞன், ஒரே தொழினுட்பம் என்பது தற்செயலன்று. இரண்டும் நம்பிக்கையைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யவேண்டியிருந்த ஒரு சமூகத்தின் பொருள்கள்.

அக்காட்சிகளின் உள்ளடக்கமும் நோக்கத்தக்கது. வாக்கர் துப்பாக்கியில் றேஞ்சர் படையினர் கோமாஞ்சி வீரரைத் துரத்துகின்றனர். 1851ஆம் ஆண்டின் 'நேவி' எனப்படும் துப்பாக்கியில், 1843 மே மாதத்தில் ரெக்சாஸ் கடற்படை மெக்சிக்கக் கடற்படையோடு கம்பெச்சே அருகே பொருதிய காட்சி உள்ளது. 1849ஆம் ஆண்டின் சட்டைப்பைத் துப்பாக்கியிலே குதிரைவண்டிக் கொள்ளையரைப் பயணியொருவர் எதிர்க்கிறார். பழங்குடி, அயல்நாட்டான், கொள்ளையன் என மூன்று எதிரிகள். அவர்களிடமிருந்து காக்கப்படுவன நிலம், அரசு, தனிச்சொத்து. கருவி எதற்காக என்பதை விளக்கும் ஒரு கருத்துநிலைப் படைப்பு கருவியின் உடலிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றது.

இரண்டாவது வகை, கையாற் செதுக்கியது. சிறு உளியும் சுத்தியலும் கொண்டு, மென்மையாக உள்ள நிலையில் உருக்கின்மீது கொடியும் இலையும் சுருளும் வெட்டப்படும்; பின்னணியில் நுண்புள்ளிகள் குத்தப்படும்; அதன் பின்னரே உருக்கைக் கடினப்படுத்தலும் நீலமேற்றலும் வெள்ளி அல்லது பொன் பூசலும் நிகழும். இவ்வேலையைச் செய்தோரில் மிகப் பலர் ஜேர்மனியிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். பிரஷ்யாவிற் பிறந்த குஸ்ராவ் யங் (1827-1895) கோல்றின் தொழிற்சாலைக்கும், 1869 முதல் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனத்துக்கும் செதுக்கினார். அவருடைய புதல்வரும் அத்தொழிலையே தொடர்ந்தனர். லூயிஸ் நிம்ஷ்கே (1832-1904) நியூயோர்க்கிற் பட்டறை வைத்துப் பல நிறுவனங்களுக்கு வேலை செய்தார். கிறான்றின் துப்பாக்கிகளைச் செதுக்கியவரும் அவரே என்பது துறைவல்லார் கருத்து.

இயந்திர உற்பத்தியின் நடுவே கைவினை ஏன் வேண்டப்பட்டது? எல்லாம் ஒன்றுபோலாகிவிட்ட நிலையில் வேறுபாடே அரிய பண்டமாகின்றது. பெருந்தொகை உற்பத்தி, கைவினையை முற்றாக அழிக்காது அதனை ஆடம்பரத்தின் எல்லைக்குள் ஒதுக்கி, அங்கு அதற்குப் புதியதொரு விலையை வைத்தது. குஸ்ராவ் யங் தொழிற்சாலைக்குள் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்தவர் என்பது இதனைத் தெளிவுபடுத்தும். பழைய ஐரோப்பியக் கைவினை மரபு, முதலாளித்துவத் தொழிற்சாலையின் ஒரு மூலையிற் கூலி உழைப்பாக இடம்பெற்றது. அவ்வேலைகளிற் பெரும்பாலானவற்றில் செதுக்கியவரின் கையொப்பம் இல்லை.

4. அன்பளிப்பின் அரசியல்

வடமாநிலப் படையின் அதிகாரிகள் தமது உடை, வாள், கைத்துப்பாக்கி ஆகியவற்றைத் தாமே வாங்கவேண்டியவராயிருந்தனர். எனவே அதிகாரியின் ஆயுதம் அரசாங்கச் சொத்தாக அன்றித் தனிச்சொத்தாக இருந்தது. சித்திர வேலைப்பாட்டுத் துப்பாக்கிகள் தோன்றுவதற்கான சமூக அடிப்படை இதுவேயாகும். குதிரைப்படைச் சிப்பாய்க்கு வழங்கப்பட்ட துப்பாக்கியிற் பரிசோதகரின் முத்திரை இருந்தது; அதிகாரியின் துப்பாக்கியில் அவருடைய பெயர் இருந்தது.

பல துப்பாக்கிகளின் கைப்பிடி முதுகிலே, இன்ன கம்பனியின் உறுப்பினர் தம் கப்டனுக்கு அளித்தது என்ற வாசகம் காணப்படும். சாதாரண சிப்பாய்கள் பணம் சேர்த்து வாங்கிய அன்பளிப்புக்கள் இவை. அப்பணத்தின் பாரத்தை உணர ஓர் ஒப்பீடு உதவும். 1861 ஓகஸ்ட் முதல் காலாட்படைச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டொலர். போரின் தொடக்கத்திற் கோல்றின் 1860ஆம் ஆண்டு 'ஆமி' வகைத் துப்பாக்கிக்கு அரசாங்கம் கொடுத்த விலை 25 டொலர். செதுக்கு வேலையற்ற துப்பாக்கியின் விலை அது. கறுப்பினச் சிப்பாய்களுக்கு 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 டொலரே சம்பளம். அதிலும் உடைக்கென 3 டொலர் கழிக்கப்பட்டது. அவர்களுள் சில படைப்பிரிவினர் அக்குறைந்த சம்பளத்தைப் பெற மறுத்துப் போராடினர். 1864 ஜூனிலேயே காங்கிரஸ் சமசம்பளத்தை ஏற்றது.

25 டொலர் என்ற விலையே அன்று விவாதத்துக்குள்ளானது. போர்க்கால ஆயுத ஒப்பந்தங்களை ஆராய 1862இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவில் ஜோசப் ஹோல்றும் றொபேட் டேல் ஓவனும் இருந்தனர். பின்னவர், கற்பனாவாத சோசலிசச் சிந்தனையாளரென எமது வாசகர் நன்கறிந்த றொபேட் ஓவனின் புதல்வர். தந்தை கூட்டுறவுச் சமுதாயம் காண முயன்றார். மைந்தர் துப்பாக்கி முதலாளிகளின் இலாபத்தைக் குறைக்க முயன்றார். அதே கோல்ற் நிறுவனம் 1861 ஏப்பிரலிற் போர் மூளும்வரை தென்மாநிலங்களுக்கும் ஆயுதம் விற்றது என்பதையும் இவ்விடத்திற் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

அன்பளிப்பு மற்றொரு திசையிலும் சென்றது. கோல்ற் தாமே அரசர்க்கும் அமைச்சர்க்கும் அதிகாரிகளுக்கும் அலங்காரத் துப்பாக்கிகளை வழங்கினார். 1854இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸுக்கு அவர் அளித்த பொன்பதித்த துப்பாக்கி சென் பீற்றர்ஸ்பேர்க்கின் ஹேர்மிற்றாஜ் அரும்பொருட்சாலையில் உள்ளது. வாஷிங்டனின் உருவத்தைப் பொன்னிற் கொண்ட அதன் இணை நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அரும்பொருட்சாலையில் உள்ளது; அது துருக்கியச் சுல்தானுக்கு அளிக்கப்பட்டதெனக் கருதப்படுகின்றது. கிரிமியப் போரில் (1853-1856) ரஷ்யாவும் துருக்கியும் ஒன்றையொன்று எதிர்த்துப் பொருதிக்கொண்டிருந்த வேளை அது. குடியரசின் தந்தையின் உருவம் இரு முடியரசுகளின் சந்தையைத் திறக்கும் சாவியாயிற்று. அன்பளிப்பு என்பது இங்கு விற்பனையின் முதற்படியாகும்.

தந்தக் கைப்பிடியையும் விட்டுவிடலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தந்தத் தொழிலின் மையங்களாயிருந்தவை, கோல்றின் தொழிற்சாலை அமைந்த அதே கொனற்றிக்கற் மாநிலத்தின் ஐவரிற்றன், டீப் றிவர் என்னும் ஊர்கள். சீப்புக்கும் பியானோக் கட்டைக்குமென அங்கு அறுக்கப்பட்ட தந்தம் சன்சிபார் வழியே வந்தது. கிழக்கு ஆபிரிக்க உள்நாட்டிலிருந்து கரைவரை அதனைச் சுமந்தோரில் அடிமைகள் பலர். அடிமை முறைக்கு எதிராக வென்ற படையின் தளபதிகளுக்குத் தந்தக் கைப்பிடி வைத்த துப்பாக்கிகள் பரிசளிக்கப்பட்டன. இம்முரண்பாடு தனிமனிதரின் போலித்தனமன்று. உலகச் சந்தையின் இயல்பு.

5. சேகரிப்பின் அறிவும் மயக்கமும்

ஒரு துப்பாக்கியைச் சேகரிப்போர் ஆராயும் முறை, சுவடி ஆராய்ச்சியாளர் மூலபாடத்தைத் துணியும் முறையோடு ஒப்பிடத்தக்கது. சட்டகம், குழல், விசைக்காப்பு, கைப்பிடி முதுகு ஆகியவற்றிற் பொறித்த தொடரிலக்கங்கள் ஒத்துள்ளனவா என்று முதலிற் பார்ப்பர். பின்னர் செதுக்கலின் விளிம்புகள் மற்றப் பகுதிகள் தேய்ந்த அளவுக்கே தேய்ந்துள்ளனவா, வெட்டுக்களின் உள்ளேயும் பழைய மேற்பூச்சு உள்ளதா, தொழிற்சாலை முத்திரையைச் செதுக்கல் ஊடறுத்துச் செல்கின்றதா என்று நோக்குவர். முத்திரையை ஊடறுக்குமாயின் அது பிற்காலத்தார் வேலையாதல் கூடும். எழுத்தின் வடிவம் காலத்துக்குப் பொருந்துகின்றதா, பெயருக்குரியவர் குறிப்பிட்ட படைப்பிரிவில் அவ்வாண்டிற் பணியாற்றினாரா என்பன படைப் பதிவேடுகளைக் கொண்டு ஒப்புநோக்கப்படும். 1864 பெப்ரவரியிற் கோல்ற் தொழிற்சாலையிற் பரவிய தீ பழைய ஆவணங்கள் பலவற்றை அழித்துவிட்டமையால், அதற்கு முந்திய துப்பாக்கிகளுக்குப் புறச்சான்று அரிது. சான்று அருகிய இடத்திற் போலி பெருகும். சாதாரணத் துப்பாக்கியொன்றில் அதிகாரி ஒருவரின் பெயரைப் புதிதாகப் பொறித்துவிட்டால் விலை பன்மடங்காகும் என்பதே போலிகளின் பொருளாதார அடிப்படை.

சட்டமும் இம்மதிப்பு மாற்றத்தை அங்கீகரித்துள்ளது. 1968ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவற்றைத் 'தொல்பொருள்' எனப் பிரிக்கின்றது. அந்த எல்லைக் கோட்டைக் கடந்ததும் கொல்லும் பயன் மறைந்து காட்சிப் பயன் எஞ்சுகின்றது. மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் (1867) பண்ட வழிபாடு பற்றிக் கூறியது இங்கு மிகத் தூய வடிவிற் புலனாகின்றது. மனிதருக்கிடையிலான உறவு பொருளின் இயல்பாகத் தோற்றம் தருகின்றது. கொடுத்தவர், பெற்றவர், செதுக்கியவர், சுடப்பட்டவர் என்போருக்கிடையிலான உறவுகள் யாவும் மறைந்து, 'இது இன்ன தளபதியின் துப்பாக்கி' என்ற ஒளிவட்டம் மாத்திரம் பொருளைச் சூழ்ந்து நிற்கின்றது.

எனினும் சேகரிப்போரின் பணி முழுவதும் மயக்கமே என்று கொள்வது நேர்மையாகாது. வால்ற்றர் பெஞ்சமின், எட்வேட் ஃபூக்ஸ் என்னும் சோசலிசச் சேகரிப்பாளரைப் பற்றி 1937இல் எழுதிய கட்டுரையில், கலைவரலாற்றைப் பெருங்கலைஞரின் பெயர் மீதான வழிபாட்டிலிருந்து விடுவிக்கும் வழியை அவர் திறந்தார் என்று மதிப்பிட்டார். பெயரற்ற கைவினையைத் தேடித் திரட்டும் சேகரிப்பாளர், தாம் அறிந்தோ அறியாமலோ, அவ்வாறானதொரு பணியைச் செய்யக்கூடியவர். நிம்ஷ்கே தாம் செதுக்கிய வேலைகளிற் கரியைப் பூசித் தாளில் ஒற்றியெடுத்துக் குறிப்பேடொன்றில் ஒட்டி வைத்திருந்தார். தொழிலாளியொருவரின் வேலைப் பதிவேடாகிய அது பிற்காலச் சேகரிப்பாளரின் ஆர்வத்தினாற் பேணப்பட்டு 1965இல் நூலாக வெளிவந்தது. கையொப்பமில்லாத பல துப்பாக்கிகளை அவருடையவையென இனங்காண அதுவே வழிவகுத்தது. சந்தையிற் பெயருக்கு விலையுண்டு என்பதாலேயே செதுக்கியவரின் பெயரும் தேடப்பட்டது என்பது உண்மை. ஆயினும், தேடிப் பெற்ற அறிவு சந்தையோடு முடிந்துவிடுவதில்லை.

6. முடிவுரை

கிறான்றை வெறும் ஆளும்வர்க்கத் தளபதி என்று தள்ளிவிட இயலாது. அடிமை முறையைத் தகர்த்த போரின் தளபதி அவர். அப்போரின் வரலாற்று முக்கியத்துவத்தை மார்க்ஸும் ஏங்கெல்ஸும் அக்காலத்திலேயே உணர்ந்து எழுதினர். மார்க்ஸின் தோழரான ஜோசப் வைடமையர் வடமாநிலப் படையில் அதிகாரியாகப் பணியாற்றினார். இளம் அதிகாரியாகத் தாம் பங்குகொண்ட மெக்சிக்கோப் போரை, வலிய நாடு மெலிந்த நாட்டின்மீது தொடுத்த அநீதியான போரெனக் கிறான்ற் தம் வாழ்நாளின் இறுதியில் எழுதிய நினைவுக்குறிப்புக்களிற் கண்டித்துள்ளார். கோல்றின் தொழிலுக்கு உயிரூட்டிய போரும் அதுவே. எனவே அதிகாரியின் துப்பாக்கி ஒவ்வொன்றும் ஒரே பொருளைத் தருவதில்லை. நிலப்பறிப்பில் ஏந்தியதும் விடுதலைப் போரில் ஏந்தியதும் ஒரே தொழிற்சாலையில், ஒரே கைகளால், ஒரே கொடிச்சுருளோடு செய்யப்பட்டன. அலங்காரம் இந்த வேறுபாட்டை மறைக்கின்றது. வரலாற்றாராய்ச்சி அதனை வெளிக்கொணர வேண்டும்.

இலக்கிய ஆய்வாளராகிய நாம் இப்பொருளில் அக்கறை கொள்வதற்குக் காரணமும் இதுவே. பொறிக்கப்பட்ட துப்பாக்கி ஒரு பனுவல். அதிற் பெயர், காட்சி, வாசகம், அணி ஆகியன உள்ளன. பனுவலில் எழுதப்பட்டிருப்பதை வாசிப்பது போலவே எழுதப்படாது விடப்பட்டதையும் வாசித்தல் எமது கடமை. வாக்கர் துப்பாக்கியில் வாக்கரின் வரலாறு உண்டு; துரத்தப்படும் கோமாஞ்சி வீரனுக்குப் பெயரில்லை. கம்பனியின் பெயரால் ஒரு வாசகம் உண்டு. 13 டொலரிலிருந்து தம் பங்கை ஈந்த சிப்பாய்களின் பெயர்கள் இல்லை. செதுக்கியவரின் பெயரைக் குறிப்பேடொன்றிலே தேடவேண்டியுள்ளது. தந்தம் சுமந்தவரின் பெயருக்கு அத்தகைய குறிப்பேடும் இல்லை.

அரும்பொருட்சாலைகளும் ஏல நிறுவனங்களும் இத்துப்பாக்கிகளுக்கு விவரக் குறிப்பு எழுதும்போது உரிமையாளர் வரிசையை முதன்மையாகத் தருகின்றன. அதிகாரியிடமிருந்து மைந்தருக்கு, மைந்தரிடமிருந்து வணிகருக்கு, வணிகரிடமிருந்து சேகரிப்பாளருக்கு எனச் சொத்து கைமாறிய வரலாறே பொருளின் வரலாறாகக் கொள்ளப்படுகின்றது. இவ்வரிசைக்கு அருகே உழைப்பின் வரிசையொன்றையும் எழுதுதல் சாத்தியமே: உருக்கை வார்த்தவர், குழலைத் துளைத்தவர், தந்தத்தைச் சுமந்தவர், கொடியைச் செதுக்கியவர், விலையைப் பகிர்ந்து கொடுத்தவர். கிடைக்கும் ஊதியப் பட்டியல்கள், குடிசனமதிப்புப் பதிவுகள், வணிகக் கணக்கேடுகள் ஆகியவற்றிலிருந்து அவ்வரிசையின் பல இடங்களை நிரப்பலாம். சேகரிப்போர் திரட்டி வைத்துள்ள நுண்ணிய தகவல்கள் அத்தகைய ஆய்வுக்கு இன்றியமையாதவை. அவற்றைப் பெற்று, அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து மேலே செல்வது வரலாற்றுப் பொருள்முதல்வாத ஆய்வாளரின் பணியாகும்.